சோழிங்கநல்லூர் ஃப்ளாட்: ஏழு வருட வாடகைக் கணக்கு

2018-இல் சென்னை சோழிங்கநல்லூரில் 940 சதுர அடியில் ஒரு பழைய ஃப்ளாட்டை 45 லட்சத்துக்கு வாங்கினேன். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. நான் இருப்பது திருச்சியில். "ஐடி கம்பெனி இருக்கிறவரைக்கும் இந்தப் பக்கம் வீடு காலியாவே கிடக்காது சார்" என்றார் தரகர்.

அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். (2023-இல் பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள், கூடவே பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள்.) தரகு, பெயிண்ட், கீசர், கொசுவலை எல்லாம் சேர்ந்து 51 லட்சத்தில் வந்து நின்றது. வாடகை 13,000. வருடத்துக்கு 1,56,000, போட்ட பணத்துக்கு 3 சதவீதம். 30 லட்சம் கடனுக்கு வட்டியோ 8.6. மாதத் தவணை 26,200. வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால், ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து உட்கார வையுங்கள்.

2019 கோடையில் தண்ணீர் லாரிச் செலவு யாருடையது என்று குடியிருந்தவர்களோடு சின்ன மனஸ்தாபம். அது பரவாயில்லை. 2020 ஜூனில் அவர்கள் வீட்டிலிருந்தே வேலை என்று சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். ஆறு மாத அட்வான்ஸ் 78,000 ரூபாயை நான் எப்போதோ கடனில் கட்டிவிட்டிருந்தேன். ஒரே வாரத்தில் திருப்பித் தரவேண்டும், வாடகையும் நின்றுவிட்டது. மைத்துனரிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தேன். வீடு ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்தது. கடைசியில் 11,500-க்கு ஆள் வந்தார்கள். இப்போதெல்லாம் அட்வான்ஸ் தனிக் கணக்கில் கிடக்கிறது, தொடுவதில்லை.

அடுத்தது குளியலறை. கீழ்வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்: அவர் வீட்டுக் கூரையில் தோசைக்கல் அளவுக்குப் பழுப்பு வட்டம், நடுவில் ஒரு சொட்டு. பல்லவன் ரயிலைப் பிடித்துப் போய்ப் பார்த்தேன். தரைத்துளையைச் சுற்றிச் சிமெண்ட் விட்டிருந்தது. டைல்ஸை உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் போட்டு, அவர் கூரைக்குப் பெயிண்ட்டும் அடித்துக் கொடுத்ததில் 38,000. மூன்று மாத வாடகைக்கு மேல். வெளியூரில் இருந்துகொண்டு வாடகைக்கு விடுபவர்கள் இதையும் கணக்கில் எழுதவேண்டும்.

2022-இல் சொத்து வரி அந்தப் பகுதியில் என் அளவு வீடுகளுக்கு 50 சதவீதம் ஏறியது. அந்த வருடம் மே மாதத்திலிருந்து ரெப்போவும் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி) ஏறி, 4-இலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. கூடவே என் கடன் வட்டியும் ஏறியது. வங்கி தவணையைக் கூட்டவில்லை, மாதங்களை நீட்டியது. அதனால் உடனே உறைக்கவில்லை.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. வருமான வரிக் கணக்கில், வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கு என்று அப்படியே கழித்துக்கொள்ளலாம், ரசீது வேண்டாம். பழைய வரிமுறையில் வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் 2 லட்சம்வரை ஈடுசெய்யலாம். புதிய முறையில் அது கிடையாது. முறை மாறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது வாடகை 19,500. அதே மாடியில் ஒரு வீடு சமீபத்தில் 64 லட்சத்துக்குப் போனது. கேட்க நன்றாக இருக்கிறது. என் 51 லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு மூன்றேகால் சதவீதம்தான். கட்டடம் பழசாகிக்கொண்டே போகும், மதிப்பு ஏறுவது என் பங்கு நிலத்துக்கு. ஆகவே வாங்குகிறவர்கள் யுடிஎஸ், அதாவது மனையில் உங்கள் ஃப்ளாட்டுக்கான பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று முதலில் கேளுங்கள், மாடுலர் கிச்சனை அப்புறம் பார்க்கலாம்.

முழுக் கடனில் வாங்குவதென்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கையில் பாதிக்கு மேல் பணம் இருந்து, அதே ஊரிலும் இருந்தால், யோசிக்கலாம்.

இப்போது குடியிருப்பவர் பழுது வந்தால் அவரே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்து, பில்லை அனுப்பி வாடகையில் கழித்துக்கொள்கிறார். இதற்காகவே இரண்டு வருடமாக வாடகையை ஏற்றவில்லை. எதிர் ஃப்ளாட்டில் 22,000 வாங்குகிறார்கள். அங்கே மூன்று வருடத்தில் நான்கு குடித்தனம்.