மெழுகுதிரி நூர்க்கேக்க பிள்ளை எங்க நிக்குது?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின்குசினியில் நான் கேக் அடித்து விற்கிறேன். ஓடர் எடுக்கும்போது மூன்று கேள்விதான் கேட்பேன். எத்தனை கிலோ? என்ன பேர் எழுதுறது? எங்க கொண்டுவந்து தாறது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்தப் பிள்ளையின் பின்னேரம் எப்படிப் போகும் என்று முக்கால்வாசி விளங்கிவிடும்.

போன கிழமை ஒரு தாய் எடுத்தா. மகனுக்கு ஐந்து வயது முடியப் போகுது. "அக்கா, கனடாவில இருக்கிற பெரியண்ணா மண்டபத்தில செய்யட்டாம், காசு தான் அனுப்புறாராம். மாமி, வீட்டில செய்தாக் காணும் எண்டுறா. இவர் என்னெண்டால் கோயிலுக்குப் போயிற்று சிறுவர் இல்லத்துக்குச் சாப்பாடு குடுப்பம் எண்டுறார். நீங்க எல்லா இடமும் போய்வாறனீங்கள்தானே, எது நல்லம்?"

போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. "யோசிச்சுச் சொல்லுறன் தங்கச்சி" என்றேன். யோசித்தது இது.

முதலில் வீடு. சனசமூக நிலையத்தில் கதிரை எடுத்து, முற்றத்தில் போட்டு, சித்தப்பாமார் கன்னம் நோகப் பலூன் ஊதி, மேசைக்குப் புதுப் படுக்கை விரிப்பு விரித்துச் செய்கிற கொண்டாட்டம். தட்டில் ஒரு கேக் துண்டு, ஒரு றோல்ஸ் இல்லாவிட்டால் கட்லட், கொஞ்சம் மிக்சர், ஒரு வாழைப்பழம். கையில் சோடா. பிள்ளைகளை விட்டுவிட்டால் சங்கீதக் கதிரையில் தொடங்கிக் கடைசியில் கிணற்றடிவரை ஓடிப்பிடித்து விளையாடும். ஏழு மணிக்கு யாராவது ஒன்று விழுந்து முழங்கால் உரசி அழும். அதோடு பெரியவர்களுக்குப் புட்டோ கொத்துரொட்டியோ போடுவார்கள்.

கேக்காரிக்கு வீடு கஷ்டமான இடம். பட்டர் 32, 33 பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வைகாசியில் எங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு நிற்கும். மெழுகுதிரி நூர்ந்துவிடும் என்று மின்விசிறியை வேறு நிப்பாட்டுவார்கள். பத்து நிமிஷம் போனால் ஐசிங் ரோசாப்பூ தலையைத் தொங்கப்போடும். அதனால் வீட்டு ஓடர் என்றால் ஐசிங்கில் மாஜரினும் கொஞ்சம் கலப்பேன். ருசி ஒரு படி குறையும், பூ நிற்கும்.

மெழுகுதிரி என்றதும் இன்னொன்று. பல வீடுகளில் அம்மம்மாமார் இன்னும் முகம் சுளிப்பார்கள். விளக்கை வாயால் ஊதி நூர்க்கிறது எங்கள் ஆக்களுக்கு அபசகுனம். மானிப்பாயில் ஒரு வீட்டில் நல்ல வழி கண்டிருந்தார்கள். பிள்ளை முதலில் குத்துவிளக்கில் ஒரு திரி ஏற்றினது. பிறகு கேக்கில் இருந்த மெழுகுதிரியை ஊதினது. அம்மம்மாவுக்கும் சரி, பிள்ளைக்கும் சரி.

நான் வீட்டுப் பக்கம் சாய்கிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு: ஓம், சாய்கிறேன்தான். எனக்கு எட்டு வயது முடிந்தது 1992 இல். 1990 இலிருந்தே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை வேறு. மாமி ஒருத்தி அலுமினியச் சட்டிக்குள் மணல் பரப்பி, அதுக்குள் சின்னச் சட்டியை வைத்து, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் போட்டு ஒரு கேக் சுட்டுத் தந்தா. அடி கருகிப்போயிற்று. மெழுகுதிரிக்குப் பதிலாக ஜாம் போத்தல் விளக்கு. அதை ஊதக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டா, ஊதினால் திரும்பக் கொளுத்த நெருப்புக்குச்சி வேண்டுமே. ஒழுங்கைப் பிள்ளைகள் பதினொரு பேர் வந்தார்கள். கருகல் பக்கத்தையும் சுரண்டிச் சாப்பிட்டோம். ஆகையால் என் தராசு அவ்வளவு நேரில்லை.

மண்டபத்துக்கு வருவோம். மேடையில் பலூன் வளைவு, பேர் எழுதின பதாகை, பிள்ளைக்குப் பிடித்த கார்ட்டூனோ தாய்க்குப் பிடித்த நிறமோ ஒரு தீம். முன்பு சாமத்தியவீட்டுக்குத்தான் இப்படி மேடை கட்டுவார்கள், இப்போது ஒரு வயதுக்கே அந்த அளவில் கட்டுகிறார்கள். மூன்று தட்டுக் கேக் கேட்பார்கள். தொழில் இரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்: கீழ் இரண்டு தட்டும் ரெஜிபோம், பாரமில்லாத அந்த வெள்ளை நுரைப் பலகை. மேலே ஐசிங்கை மாவு போல உருட்டிப் போர்த்திவிட்டால் படத்தில் வித்தியாசம் தெரியாது. மேல் தட்டு மட்டும்தான் கேக். எந்த இடத்தில் கத்தி வைக்க வேண்டும் என்று தகப்பனிடம் காட்டிவிட்டுத்தான் வருவேன். ஆக்களுக்குக் கொடுக்கிற துண்டுகள் முதல் நாளே வெட்டிப் பெட்டியில் போட்டாயிற்று.

அழைப்பில் ஆறு மணி. ஏழரைக்குத்தான் வெட்டுவார்கள், ஏனென்றால் கனடா ஆக்கள் வீடியோவில் வர வேண்டும். இங்கே இரவு 7 மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை 9.30. அவர்களுக்கு நல்ல நேரம். ஒரு வயதுப் பிள்ளைக்கு அது நித்திரை நேரம். வீடியோக்காரர் ஒரு பக்கம் திரும்பச் சொல்ல, தாய் மற்றப் பக்கம் திருப்ப, பிள்ளை வீரிட்டு அழ, ஒலிபெருக்கியில் பாட்டு. பிள்ளை எங்கே நிற்குது என்று பார்த்தால் ஆற்றையாவது தோளில் முகம் புதைத்துக்கொண்டு நிற்கும். செலவுக் கணக்கில் மண்டபம், சோடனை, சாப்பாடு, வீடியோ எல்லாம் முடிந்து கடைசி வரியில்தான் என் கேக் வரும். பிள்ளை அதுக்கும் கீழே.

ஆனால் மண்டபத்தைச் சும்மா நக்கலடிக்கவும் எனக்கு மனமில்லை. கார்த்திகையில் பிறந்த பிள்ளைக்கு முற்றத்தில் எப்படிக் கொண்டாடுவது? மழைக்கு முற்றம் குளமாகிவிடும். வேலைக்குப் போகிற தாய் நாற்பது பேருக்குக் கட்லட் உருட்டி, அடுத்த நாள் பாத்திரமும் தேய்த்து என்னத்தைக் கொண்டாடினா? வீட்டுக் கொண்டாட்டத்தின் மிச்ச சொச்சமெல்லாம் ஒரு பெண்ணின் முதுகில்தான் ஏறும்.

இன்னொன்றும் இருக்கிறது. இடம்பெயர்ந்து, கடல் கடந்து, ஒரு குடும்பம் எட்டு ஊரில் சிதறிக் கிடக்கிற சமூகம் நாங்கள். செத்த வீடும் கலியாண வீடும் இல்லாமல் எல்லாரும் ஓரிடத்தில் கூடுகிறதுக்குச் சாட்டு வேண்டும். சாவகச்சேரி மண்டபம் ஒன்றில் இரண்டு கிழவிமார் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியில் ஒரே வீட்டுத் திண்ணையில் கிடந்தவர்களாம். அதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சந்திக்கிறார்களாம். மேடையில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அவர்கள் அதைக் கவனிக்கவேயில்லை. அது அவர்களுடைய கொண்டாட்டம். அப்படி என்றால் அப்படியே பேர் வைத்துச் செய்யலாமே, பாவம் அந்தப் பிள்ளையை ஏன் கிரீடம் போட்டு இருத்துவான்?

ஒரு வயதுக் கொண்டாட்டத்துக்குப் பதிலாக எங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சாமான் இருக்கிறது: பல்லுக்கொழுக்கட்டை. முதல் பல்லு முளைத்ததும் கொழுக்கட்டை அவித்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் குத்தி, பிள்ளையை நடுவில் இருத்தித் தலையில் கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனை, நகை என்று பரப்பி வைக்க, பிள்ளை தவழ்ந்துபோய் ஒன்றைத் தூக்கும். எல்லாரும் "டொக்டர்தான்" என்று தீர்ப்பெழுதுவார்கள். செலவு கொஞ்ச அரிசி மா, ஒரு தேங்காய், கொஞ்சம் பயறும் சர்க்கரையும். முக்கியமாக, அங்கே நடக்கிற ஒரே காரியம் பிள்ளை செய்கிற காரியம். அது எதைத் தூக்கும் என்றுதான் முழு வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் இதைப் பெரிதாகச் செய்துவிட்டு முதலாம் பிறந்தநாளைக் கோயிலோடு முடிக்கலாம். என் வியாபாரத்துக்குக் கூடாத ஆலோசனைதான்.

கோயில் என்றால் எனக்கு ஓடரே இல்லை. நல்லூரில் இன்றைக்கும் அருச்சனைக்கு ஒரு ரூபாய்தான். ஒரு ரொபிகூட அந்த விலைக்கு வராது. ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்பார். அங்கேதான் பிள்ளைக்குத் தனக்கு இரண்டு பிறந்தநாள் இருப்பது தெரியவரும், கலண்டர்த் திகதி ஒன்று, நட்சத்திரம் ஒன்று. ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அப்பாவைப் போலத் தானும் சட்டையைக் கழற்றித் தோளில் போடுகிற ஐந்து வயதுப் பொடியனின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மேடைக் கிரீடம் அதுக்குக் கிட்டவும் வராது. பூசை நீண்டால் சிணுங்கும், உண்மை. வெளியே வந்ததும் பக்கத்தில் றியோவிலோ வேறு கடையிலோ ஐஸ்கிரீம். ஊரில் பாதிப் பேரின் பிறந்தநாள் இதுதான்.

ஆவணிப் பக்கம் பிறந்தவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள். கன வீடுகளில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. மரக்கறி றோல்ஸ், ரின்பால் போட்ட முட்டையில்லாக் கேக். கோயிலைச் சுற்றி வீதி மறிப்பதால் ஓட்டோ போகாது. கேக் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சனத்துக்குள்ளால் நான் நடந்துபோனதை ஆரும் படம் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பேஸ்ட்ரி கடை, காகில்ஸ் சதுக்கத்துக் கோழிப் பொரியல் கடை எல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேலே சரி. கூட்டாளிமாரோடு போகட்டும், தாய் தகப்பன் வேறு மேசையில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து காசு கட்டி, இரண்டு பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் பலூனும் கேக்கும் கொண்டுவந்து இறங்குகிற சர்ப்பிரைஸ் டெலிவரியும் அப்படித்தான். சின்னப் பிள்ளை பயந்து தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளியும். எழுபது வயது அம்மம்மாவுக்கு அனுப்புங்கள், மனுசி ஒரு மாதத்துக்குக் கதைக்கும்.

இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கிற விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. கொடுக்கிறது நல்ல காரியம், அதில் கதையில்லை. ஆனால் ஒருமுறை ஓர் இல்லத்துக்குப் பேர் எழுதின கேக் கொண்டுபோனேன். பிள்ளைகள் குளித்துத் தலை இழுத்து வரிசையில் நின்று பாட்டுப் படித்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். ஒன்பது வயது இருக்கும் ஒரு பிள்ளை கேக்கில் இருந்த பேரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைக் கேட்டது: "அன்ரி, இந்தப் பிள்ளை வரேல்லையோ?" அந்தப் பிள்ளை கனடாவில், அந்நேரம் நல்ல நித்திரையில் இருந்திருக்கும்.

இதுக்குப் பக்கத்தில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியை வைத்துப் பாருங்கள். அன்னதானக் கந்தன் என்று சும்மாவா பேர்? அங்கேயும் பிறந்தநாளுக்கென்று காசு கட்டுகிறார்கள். ஆனால் பந்தியில் ஆர் கொடுத்தவர், ஆர் பசித்து வந்தவர் என்று தெரியாது. பிறந்தநாள்ப் பிள்ளையும் அதே நிலத்தில் இருந்து அதே சோற்றைச் சாப்பிடும். இல்லத்துக்கே கொடுக்க வேண்டுமென்றால் போன் பண்ணி என்ன தேவை என்று கேளுங்கள். அரிசியோ கொப்பியோ அதைக் கொடுங்கள். கேக் வேண்டுமென்றால் பேர் எழுதாமல் தருகிறேன். எழுதாத கேக்குக்கு விலை குறைப்பேன் என்று நினைக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டேன். முன்பள்ளியில் சீருடைக்குப் பதிலாகக் கலர்ச் சட்டை, கையில் ஒரு பை ரொபி. இரண்டு கூட்டாளிமாரைத் தெரிந்தெடுத்து மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆர் அந்த இரண்டு பேர் என்பதில் எவ்வளவு அரசியல்!

எனக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது. வீட்டுக்குக் கேக் கொண்டுபோனால் சின்னக் கூம்பில் மிச்ச ஐசிங்கும் கொண்டுபோவேன். மேசையில் வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வருவதற்குள் பின்பக்கத்தில் ஒரு விரல் பள்ளம் விழுந்திருக்கும். அதை அடைக்கத்தான் கூம்பு. மண்டபத்தில் இன்றுவரை ஒருமுறையும் அதைத் திறக்க வேண்டி வரவில்லை. கேக்குக்கும் பிள்ளைக்கும் நடுவில் அவ்வளவு ஆக்கள்.

தங்கச்சிக்கு நேற்றுத் திருப்பி எடுத்தேன். காலமை நல்லூர், பின்னேரம் வீட்டில் ஒழுங்கைப் பிள்ளைகள் பதினைந்து பேர், றோல்ஸ் கடையில் சொல்லி எடுங்கோ, நீங்கள் உருட்ட வேண்டாம் என்றேன். "அதெல்லாம் சரி அக்கா, ஆனா பெரியண்ணா மூண்டு தட்டுக் கேக்தான் வேணுமாம், வீடியோவில பாக்க."

கீழ் இரண்டு தட்டுக்கும் ரெஜிபோம் வெட்டியாயிற்று. மேல் தட்டுக்குப் பின்பக்கம் ஐசிங் கொஞ்சம் தடிப்பாகப் பூசுவம் என்று இருக்கிறேன்.