வினைல் விரிப்பா, லமினேற் தாளா?

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் போன்ற, மேசையைச் சுற்றியிருந்து பாத்திரமேற்றுக் கதை நகர்த்தும் விளையாட்டுக்குக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ குழு சேர்க்கிறவர்கள், அழித்து அழித்து வரைபடம் வரைய எதை வாங்குவது என்று தடுமாறுகிறார்கள்.

செலவு: வினைல் விரிப்பை வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டும், வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்தால் அதிர்ஷ்டம். லமினேற்றுக்கு ஓரங்குலக் கட்டம் அச்சடித்து போட்டோகொப்பிக் கடையில் கொடுத்தால் சரி.

அளவு: வினைல் மேசை முழுக்க விரியும். ஏ3 தாளில் அதிகபட்சம் 16க்கு 11 கட்டம். கதையில் ஒரு கட்டம் 5 அடி இடத்தைக் குறிக்கிறது என்றால் ஒரு மண்டபச் சண்டைக்குக் காணும், காட்டுக்குக் காணாது.

அழிப்பது: உண்மையான வித்தியாசம் இங்கேதான். வினைலுக்கு ஈரத்துணியால் அழியும் மாக்கர் மட்டும். வெண்பலகை மாக்கர் பட்டால் கறை நின்றுவிடும். ஈர மாக்கரிலும் சிவப்பை நாள்கணக்கில் விடாதீர்கள். லமினேற்றில் வெண்பலகை மாக்கர் உலர்துணிக்கே போய்விடும். ஆனால் வன்னி வெக்கையில் வியர்த்த கை பட்டால் வரைந்த சுவரில் பாதி காணாமல் போகும்! தவறி நிரந்தர மாக்கரால் கீறிவிட்டால், அதன் மேலே வெண்பலகை மாக்கரைப் பூசித் துடையுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

நீடித்து உழைப்பது: வினைலை மடிக்காமல் சுருட்ட வேண்டும், வெயிலில் நிற்கும் வான் வண்டிக்குள் விடக்கூடாது. லமினேற் கீறல் விழுந்து மங்கும். புதிதாக இன்னொன்று செய்யலாம்.

ஒரே வீட்டில் கிழமைதோறும் நீண்ட கதை ஓட்டுபவர்களுக்கு வினைல். சைக்கிளில் பையோடு திரிபவர்களுக்கும் இப்போதுதான் தொடங்குபவர்களுக்கும் லமினேற். வரைந்ததை அடுத்த கிழமை வரை வைத்திருக்க வேண்டுமென்றால் லமினேற்றிலும் ஈர மாக்கரையே பாவியுங்கள், உலர்ந்தபின் இலேசில் அழியாது.