இசிஎம் போய்விட்டது என்றால்: புதியதா, பழையதா, பழுதுபார்ப்பதா?

ஏற்காட்டு மலைப்பாதையில் கார் நின்றுவிட்டால், காரணம் தெரியாத இடத்தில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் போய்விட்டது." எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசிஎம்மைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சென்ற ஐப்பசியில் எனக்கும் அதையே சொன்னார்கள். இரண்டு இரவுகள் மழையிலும் பனிமூட்டத்திலும் வெளியே நின்ற என் பெட்ரோல் கார், இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் அணைந்துபோனது. வேறொரு வண்டியில் ஏற்றிச் சேலம் கொண்டுவந்தோம். பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். இசிஎம் பதில் சொல்லவில்லை. புதியது மாற்ற 34,000 ரூபாய் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள்.

சம்மதிக்காமல், அஸ்தம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தேன். அவர் இசிஎம் பெட்டியைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இசிஎம்மில் வயர்களைச் செருகும் கப்ளரின் எர்த் பின்னிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். எர்த் நன்றாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டியது ஒன்றரை வோல்ட். பேட்டரித் தட்டுக்கு அடியில், பாடியோடு எர்த் வயரைப் பிணைக்கும் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவியதும் ஸ்கேனரில் இசிஎம் வந்துவிட்டது. கூலி 400 ரூபாய்.

ஆகவே மூன்று வழிகளை ஒப்பிடும் முன், எதையும் வாங்காத நான்காவது வழியை முடித்தாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இசிஎம்முக்கு வரும் ஃப்யூஸ், ரிலே, எலி கடித்த வயர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் வயரில் ஒரே ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் இசிஎம் செத்ததுபோல நடிக்கும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் 5 வோல்ட் எங்கே திரும்பி வருகிறது என்று தெரிந்துவிடும். மலை ஏறும்போது மட்டும் இழுவை குறைகிறது என்றால் காற்றழுத்த சென்சாரைச் சந்தேகியுங்கள். சாவியை மட்டும் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் ஸ்கேனரில் பார்த்தால் சேலத்தில் 98 கிலோபாஸ்கல் அளவும், 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் 85 அளவும் காட்ட வேண்டும். இரண்டு ஊரிலும் ஒரே எண் வந்தால் கோளாறு சென்சாரிலோ அதன் வயரிலோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இவையெல்லாம் சரியாக இருந்து, இசிஎம்மின் உட்கோளாறைக் காட்டும் பி0601, பி0606 போன்ற பிழைக் குறியீடுகள் ஸ்கேனரில் அழித்த பிறகும் திரும்பி வந்தால்தான் இசிஎம்மை நம்பிக் குற்றம் சாட்டலாம்.

என் மைத்துனருக்கு அப்படித்தான் ஆனது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் ஓடும் அவருடைய டீசல் ஜீப்பில் இசிஎம் உண்மையிலேயே கெட்டிருந்தது.

அவர் முதலில் வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழையதைத் தேடினார். சென்னை புதுப்பேட்டையிலிருந்து, லேபிளில் எண் அச்சாகப் பொருந்திய ஒன்றை வரவழைத்தார். ஜீப் இரண்டு வினாடி உயிர்பெற்று அணைந்தது. காரணம் இம்மொபிலைசர், அதாவது வேறு சாவியில் வண்டி ஓடாமல் தடுக்கும் திருட்டுப் பூட்டு. சாவியின் அடையாளம் இசிஎம்மின் நினைவகத்தில் பதிந்திருக்கிறது. வேறு வண்டியின் பெட்டிக்கு இந்தச் சாவியைத் தெரியாது. டீசல் வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல மாடல்களில் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் பொறித்திருக்கும் திருத்தக் குறியீட்டை இசிஎம்மில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் புகையும் நடுக்கமும் வரும். கெட்டுப்போன பெட்டியின் நினைவகத்தைப் படித்துப் பழையதில் எழுத முடிந்தால் மட்டுமே பழையது பயன்படும். லேபிள் எண்ணை மட்டும் நம்பி வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவர் கொடுத்த பணம் திரும்பவில்லை.

புதியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரண்டி உள்ள வண்டிக்கும், 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் வண்டிக்கும் அதுவே பாதுகாப்பு; சாவியையும் குறியீடுகளையும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே ஏற்றித் தருவார்கள். ஆனால் கெட்டுப்போன பெட்டியை எரித்த காயிலோ வயரோ அப்படியே இருந்தால் புதியதும் எரியும். பத்து ஆண்டு கடந்த வண்டிக்கு அந்தப் பணம் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவதாக மைத்துனர் தன் இசிஎம்முக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டையே பழுதுபார்க்கக் கொடுத்தார். பெட்டியைத் திறந்தபோது பின்களில் நீர் ஏறிய தடமும், இன்ஜெக்டரை இயக்கும் ஒரு டிரான்சிஸ்டர் கருகியதும் தெரிந்தன. நான்கு நாள், 6,500 ரூபாய். சொந்த நினைவகம் அப்படியே இருப்பதால் சாவியும் ஒத்துக்கொண்டது, இன்ஜெக்டர் குறியீடும் தங்கியது. இந்த வழியின் பெரிய பலம் இதுதான். பிராசசரே போயிருந்தாலும், போர்டின் உள்ளடுக்குத் தடங்களை அரிப்பு தின்றிருந்தாலும் இது கைகொடுக்காது. கொடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வண்டியில் மாட்டாமல் மேசையிலேயே ஓட்டிக் காட்டுவீர்களா? எந்தப் பாகம், ஏன் கெட்டது என்று சொல்வீர்களா? இரண்டாவதற்குப் பதில் இல்லாத கடையிலிருந்து போர்டைத் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.

கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் எடுக்க வேண்டும். சாவியையும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மைத்துனரின் ஜீப்பில் நீர் புகுந்த வழியை அந்தப் போர்டுக்காரர்தான் தேடச் சொன்னார். தோட்டத்து சில்வர் ஓக் இலைகள் முன்கண்ணாடிக்குக் கீழே வடிகாலை அடைத்திருந்தன. தேங்கிய மழைநீர் இசிஎம் கப்ளரின் மேல் சொட்டியிருக்கிறது. இப்போது ஞாயிறுதோறும் அவர் மகள் அந்த இலைகளை அள்ளிப் போடுகிறாள்.