விறகு பாய்லரா, கீசரா, சோலாரா? வடசென்னை வீட்டுக்கு எந்த வெந்நீர்

பத்துப் பேர் ஒரே காலையில் குளித்துவிட்டுக் கிளம்பும் வீட்டுக்கு, மொட்டை மாடியில் நிற்கும் விறகு பாய்லர் இன்றைக்கும் நல்ல வழிதான். நாலு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது வீண் வேலை. ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எங்கள் பக்கத்தில் இரண்டு வகை வீடும் உண்டு. அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பழைய வீடும் இருக்கிறது, அதே தெருவில் மூன்று மாடி அடுக்ககமும் இருக்கிறது. அதனால் "எது நல்லது" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை பேர், எத்தனை மணிக்குள், எந்தத் தண்ணீரில் குளிக்கிறார்கள் என்பதில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு சின்ன கணக்கு. மார்கழிக் காலையில் மாடித் தொட்டித் தண்ணீர் சுமார் 25 டிகிரி இருக்கும். உடம்புக்கு இதமாக 40 டிகிரி போதும். 20 லிட்டர் பக்கெட் ஒன்றை அந்த 15 டிகிரி ஏற்ற, ஏறக்குறைய 0.35 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கெட் என்றால் பத்துப் பேருக்கு மூன்றரை யூனிட். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. பாய்லர் அதில் கால் பங்கை மட்டும் தண்ணீருக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பக்கெட்டுக்கு 350 கிராம், பத்துப் பேருக்கு மூன்றரை, நாலு கிலோ விறகு. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

கீசரை முதலில் பார்ப்போம். சுவிட்சைப் போட்டால் வேலை முடிந்தது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் ஒன்று 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக இருபது நிமிடம் போல ஆகும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 35 லிட்டர் வரும், இரண்டு பக்கெட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பேர் குளித்ததும் மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். பத்துப் பேர் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும் வீட்டில் இது தினமும் சண்டை.

மின் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளுக்கான கட்டணமும் சேர்ந்து மாறிவிடும். நாளுக்கு 4 யூனிட் வெந்நீருக்கே போனால் இரண்டு மாதத்தில் 240 யூனிட். ஏற்கெனவே 300-ஐ ஒட்டி ஓடும் வீடு அப்படியே அடுத்த வரிசைக்குத் தள்ளப்படும். நாலு பேர் வீட்டுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

எங்கள் பகுதியில் கீசருக்கு உண்மையான எதிரி தண்ணீர்தான். மெட்ரோ வாட்டர் வரும் வீட்டில் பிரச்சினை குறைவு. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், நாளுக்கு 10 கோடி லிட்டர் அளவில் வடசென்னைக்கு உதவுகிறது. ஆனால் போர் தண்ணீரை நம்பும் வீட்டில் இரண்டு தொல்லைகள் ஒன்றாக வரும். கடினத்தன்மை சூடான கம்பிச் சுருளில் வெள்ளைப் படிவமாக ஏறும். உப்பு தொட்டியின் உலோகத்தைத் துளை போடும். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. படிவத்துக்கு, வெப்பத்தை 50, 55 டிகிரியில் நிறுத்திவைத்து வருடத்துக்கு ஒருமுறை உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். உப்புக்கு, உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியைக் கரைந்து தீரும் முன் மாற்ற வேண்டும். தொட்டிக்குப் பதிலாகத் தானே கரைவதற்காகத்தான் அந்தக் கம்பி வைக்கப்படுகிறது. மெக்கானிக் வந்தால் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், எர்த்தும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் இல்லாமல் கீசர் போடவே கூடாது.

கேஸ் கீசர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சீக்கிரம் காயும், சிலிண்டர் செலவும் குறைவு. ஆனால் குளியலறைக்குள் மாட்டினால் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். நம் பழைய வீடுகளின் குளியலறைக்குச் சின்ன ஜன்னல்கூட இருப்பதில்லை. வெளிச்சுவரில், திறந்த வெளியில் மாட்ட இடம் இல்லையென்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

சோலாரில் 100 லிட்டர் தொட்டி 60 டிகிரிக்குக் காய்ந்தால், கலந்து 11 பக்கெட் வரும். பத்துப் பேர் வீட்டுக்கு அளவு எடுத்துத் தைத்த மாதிரி. பிறகு எரிபொருள் செலவே கிடையாது. ஆனால் சென்னைக்கு மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. வெந்நீர் தேடத் தொடங்கும் மாதங்களிலேயே மேகம் மூடிக்கொள்ளும். அன்றைக்கு உள்ளே இருக்கும் மின்சாரக் கம்பியைத்தான் போட வேண்டும். தை பிறந்த பிறகு சோலார் பிரமாதம். உப்புத் தண்ணீர் வீட்டுக்கு, குளிக்கும் நீர் வெயிலில் காயும் குழாய்க்குள் நேராகப் போகாமல், தனிச்சுற்றில் ஓடும் வேறு நீரிலிருந்து வெப்பம் மாறும் வகையைத்தான் வாங்க வேண்டும். எண்ணூர், மணலிப் பக்கத்துத் தூசும் கடற்காற்றின் உப்பும் கண்ணாடியில் படியும், அதை அடிக்கடி துடைக்க வேண்டும். மொட்டை மாடி உரிமை உங்களுக்கு இல்லையென்றால் இந்தப் பேச்சே முடிந்தது.

இனி விறகு பாய்லர். இதைப் பற்றி விரிவாகச் சொல்லக் காரணம், இதைக் குறை சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் பாய்லரைக் குறை சொல்வதில்லை, ஈர விறகைக் குறை சொல்கிறார்கள்.

அமைப்பு எளிது. செம்பு உருளை, நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரு குழாய். குழாயின் அடியில் இரும்புச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் வாய். நெருப்பு நடுக்குழாயில், தண்ணீர் அதைச் சுற்றி. உப்புக் காற்றில் இரும்பு டிரம் சீக்கிரமே பொத்துவிடும். செம்பு பல வருடம் நிற்கும், கடைசியில் எடைக்குப் போட்டாலும் நல்ல விலை கிடைக்கும். தண்ணீர் இல்லாமல் மட்டும் பற்றவைக்கக் கூடாது. ஈயப் பற்று உருகி ஒட்டு விட்டுப்போகும். மேல் மூடியை இறுக்கவும் கூடாது, ஆவி போக வழி இருந்தே ஆக வேண்டும்.

விறகு என்றால் எங்கள் பக்கம் சவுக்குதான் முதலில். கடலோர மணலில் வளர்வது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு எரிபொருளாகவே சென்னையைச் சுற்றி இதைத் தோப்புத் தோப்பாக நட்டார்கள். நெருக்கமான கட்டை, நின்று எரியும், தணலும் நிற்கும். வேலிகாத்தானும் நல்ல சூடு தரும். கொட்டாங்குச்சி பற்றவைக்க அருமை, ஆனால் அதை மட்டும் போட்டால் குபுகுபுவென்று எரிந்து அடங்கிவிடும்.

மரத்தின் வகையைவிட ஈரம் பெரிய விஷயம். வெட்டிய புதிதில் கட்டையின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். விறகுக் கடையில் எடைக்கு வாங்கும்போது அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகவும் வெப்பத்தில் ஒரு பங்கு செலவாகும். எடையில் பாதி ஈரம் உள்ள ஒரு கிலோ விறகில் 2 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். நெருப்பும் மந்தமாக எரிவதால் அதிலும் பாதி புகையாகப் போய்விடும். பத்துப் பேர் குளிக்க நாலு கிலோ போதும் என்றது, பச்சை விறகில் பத்து கிலோவைத் தாண்டும்.

ஆகவே மார்கழி விறகைச் சித்திரையில் வாங்க வேண்டும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, கத்திரி வெயிலில் காயவிட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மேலே மட்டும் தகரம் போட்டால் போதும். பக்கவாட்டை மூடினால் காற்றுப் போகாமல் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு கட்டையில் குறி போட்டு வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் தயார்.

ராயபுரத்தில் என் பெரியம்மா தராசெல்லாம் வைத்ததில்லை. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார். டங்கென்று கேட்டால் உள்ளே போகும், தொப்பென்று கேட்டால் ஓரமாகப் போகும். சாம்பல் வாயை முழுதாகத் திறந்துவிட்டு, தேங்காய் நாரும் கொட்டாங்குச்சியும் போட்டுப் பற்றவைப்பார். ஜுவாலை பிடித்த பிறகு இரண்டு இரண்டு கட்டையாகத்தான் போடுவார். பெரியப்பா ஒரே அடியாகத் திணிக்கப் போனால், "ரொப்பாதய்யா, அது மூச்சு வுடட்டும்" என்று தடுப்பார். பிறகு அண்ணாந்து குழாயின் வாயைப் பார்ப்பார். புகை தெரியாமல் வெறும் கானல் மட்டும் நெளிந்தால் திருப்தி. புறங்கையால் பாய்லரின் உடம்பை மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே வருவார். சூடு எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவரைதான் வெந்நீர், அதற்குக் கீழே இன்னும் பச்சைத் தண்ணீர்.

அவர் செய்வதெல்லாம் சரியான அறிவியல். விறகின் பெரும்பகுதி முதலில் வாயுவாக வெளியேறி, அந்த வாயுதான் ஜுவாலையாக எரிகிறது. அது எரிய நல்ல சூடும் காற்றும் வேண்டும். குழாயை அடைத்துவிட்டால் இரண்டும் குறைந்து, எரியாத வாயு வெள்ளைப் புகையாகப் போகும். அதாவது காசு கொடுத்து வாங்கிய வெப்பம் பக்கத்து வீட்டுத் துணியில் போய் ஒட்டும். குழாயில் பாதிக்கு மேல் விறகு நிரப்பாதீர்கள். ஜுவாலை இருக்கும்வரை சாம்பல் வாய் திறந்திருக்கட்டும். வெறும் தணல் ஆனபிறகு அதைப் பாதி மூடலாம், அப்போது அதிகக் காற்று சூட்டை மேலே இழுத்துக்கொண்டு போகத்தான் உதவும். வாரம் ஒருமுறை குழாயைக் கம்பிப் பிரஷால் தேயுங்கள். உலர்ந்த கரி உதிர்ந்தால் நல்லது. பளபளக்கும் தார் ஒட்டியிருந்தால் விறகு ஈரம், அல்லது நெருப்பை மூச்சுத் திணற வைத்திருக்கிறீர்கள்.

குளிர்நாடுகளில் வீட்டுக்கு வெளியே கொட்டகை போல நிறுத்தி, குழாய் வழியாக வெந்நீர் அனுப்பி வீட்டையே சூடாக்கும் விறகு உலைகளிலும் இதே சிக்கல்தான். தண்ணீர் போதுமான சூடானதும் அவற்றின் காற்று வாய் தானாக மூடிக்கொள்ளும். நெருப்பு மணிக்கணக்கில் புகைந்துகொண்டு கிடக்கும்; சுற்றிலும் தண்ணீர்ச் சுவர் இருப்பதால் உலை குளிர்ந்து தார் படியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2015-ல் அவற்றின் புகைக்கு வரம்பு கொண்டுவந்தது. அங்கே நல்ல அமைப்பு வைத்திருப்பவர்கள் நெருப்பை முழு வேகத்தில் எரித்து, வெப்பத்தைப் பெரிய தொட்டியில் சேமிக்கிறார்கள். நாமும் செய்யலாம். ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக எரித்து, வெந்நீரை மூடியுள்ள தொட்டியில் பிடித்து, சாக்கோ பழைய கம்பளியோ சுற்றிவைத்தால் கடைசி ஆள் வரை சூடு நிற்கும். நாள் முழுக்கப் புகைய விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் நமக்கென்று ஓர் ஆபத்து உண்டு. சரக்குப் பலகைகளும், ஜாதிக்காய்ப் பெட்டி என்று சொல்லும் மலிவான மரப்பெட்டிகளும் சும்மா கிடைக்கும். அவற்றில் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கிய மரம், எரிக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு போட்டது, தொடாதீர்கள். பச்சைச் சாயல் அடிக்கும் மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம்; அதன் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. பிளைவுட் வேண்டாம், பெயிண்ட் அடித்த படகுப் பலகை வேண்டாம், கடலில் ஊறிய கட்டையும் வேண்டாம். அதன் உப்பு நச்சுப் புகையை உண்டாக்கும், சல்லடையையும் அரிக்கும். வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் கிடைக்கும் சுத்தமான தேக்கு, வேங்கைத் துண்டுகள் நல்லவை.

புகை விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. நன்றாக எரியும் விறகும் கொஞ்சம் நுண்துகள் விடும். ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ அடுத்த மாடியில் இருந்தால் விறகு வேண்டாம். இங்கே விடியற்காலைக் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும், அதனால் கிழக்குப் பக்கத்து வீட்டை முதலில் கேளுங்கள். மூடிய இடத்திலோ படிக்கட்டுக்கு அடியிலோ பாய்லரை வைக்கவே கூடாது. மாடியில் தட்டோட்டின் மேல் நேராக வைத்தால் சூட்டில் விரிசல் விழுந்து மழைக்கு ஒழுகும்; அடியில் இரண்டு வரிசைச் செங்கல் கொடுங்கள்.

நாலைந்து பேர், அடுக்ககம் என்றால் கீசர். சொந்த மாடி, கையில் கொஞ்சம் பணம் என்றால் சோலார். பத்துப் பேர், திறந்த மாடி, விறகு காயவைக்க இடம், காலையில் ஒரு மணி நேரம் நெருப்போடு நிற்க ஓர் ஆள் இருந்தால் பாய்லர். அந்த ஆள் யார் என்பதை வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அது ஒரே பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அவர் சம்மதிக்கவில்லை என்றால் கடனை வாங்கியாவது சோலார் போட்டுவிடுங்கள்.