ரூடிமென்டரியா, எலிமென்டரியா?

rudimentary, elementary என்ற இந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் கையகராதிகள் ‘அடிப்படையான’ என்று போட்டு முடித்துவிடும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மூலம்: ரூடிமென்டரியின் வேர் ‘ரூடிஸ்’, லத்தீனில் பண்படாதது. எலிமென்டரியின் வேர் ‘எலிமென்டம்’, முதற்கூறு.

தொனி: முன்னதில் ‘இருக்கிறது, ஆனால் போதாது’ என்ற குறை ஒட்டியிருக்கும். பின்னது வெறும் முதல் படி.

சொற்சேர்க்கை: ரூடிமென்டரி டூல்ஸ், ரூடிமென்டரி நாலெட்ஜ்; எலிமென்டரி ஸ்கூல், எலிமென்டரி பார்ட்டிகிள் (இயற்பியலின் அடிப்படைத் துகள்). மாற்றிப் போட்டால் பொருள் கெடும். ‘ரூடிமென்டரி ஸ்கூல்’ தொடக்கப்பள்ளி ஆகாது. வசதியில்லாத பள்ளி என்றே படும். ‘எலிமென்டரி மிஸ்டேக்’ மட்டும் கொஞ்சம் குத்தும்: இதுகூடத் தெரியாதா?

உயிரியல்: முழு வளர்ச்சியடையாத உறுப்புக்கு ரூடிமென்டரிதான். கிவிப் பறவையின் சிறகு அப்படிப்பட்டது. டார்வின் 1859இல் வெளியிட்ட நூலிலேயே இந்தப் பயன்பாடு உண்டு.

உச்சரிப்பு: இரண்டிலும் அழுத்தம் ‘மென்’ மேல். ‘ரூ’வைக் குறுக்கக் கூடாது.

குறைபாட்டைச் சுட்ட ரூடிமென்டரி, பாடத்தின் தொடக்க நிலையைச் சொல்ல எலிமென்டரி. வேலை விண்ணப்பத்தில் இரண்டுமே வேண்டாம். ‘ரூடிமென்டரி எக்செல் ஸ்கில்ஸ்’ என்று எழுதினால் அரைகுறை என்றே படிப்பார்கள், ‘பேசிக்’ போதும்.