சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஆண்பிள்ளைப் பெயர்த்தேர்வுச் சேவை: எழுத்து சரி, எழுத்துக்கூட்டல் சொதப்பல்

பிறந்த நேரத்தைக் கொடுத்தால் நட்சத்திர எழுத்துக்கேற்ற ஆண்பெயர்ப் பட்டியல் தருகிறார்கள். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு; அதில் பிழையில்லை. கோட்டை விடுவது ஆங்கில எழுத்துக்கூட்டலில். ‘எழிலன்’ என்றால் ழகரத்துக்கு இசட்-எச் போட்டு நீட்டுகிறார்கள். சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் அந்த ஜோடி கிட்டத்தட்ட ‘ஜ’. பள்ளியில் பையன் ‘எஜிலன்’ ஆகிவிடுவான்! பெயரைத் தாளில் எழுதி, சீன, மலாய் அண்டைவீட்டாரிடம் வாசிக்கக் கொடுங்கள். காசில்லாச் சோதனை.

சீனருக்குக் குடும்பப்பெயர் முன்னால் வரும். மலாய்க்காரருக்குப் பெயரை அடுத்து ‘பின்’ (மகன்) சேர்த்து அப்பா பெயர். நம் பிள்ளைகளுக்கும் அப்பா பெயர்தான் ஒட்டும் என்பதால் பிள்ளை பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இந்தச் சேவையில் அப்பா பெயரைக் கேட்பதே இல்லை, பெரிய குறை.

பிறப்பைப் பதிய 42 நாள்தான் கெடு. லைஃப்எஸ்ஜி என்ற அரசுச் செயலியில் அனுப்புமுன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.