ஸ்பானிஷ் கிண்டர்கார்டனுக்கு முன் டோனிபாக்ஸ்: கதைப் பொம்மை வேண்டாம், வெற்றுப் பொம்மை போதும்

அமெரிக்காவில் ஸ்பானிஷ் இமர்ஷன் (பாடங்களையே ஸ்பானிஷில் நடத்தும்) கிண்டர்கார்டனில் குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டது, வீட்டிலோ தமிழும் ஆங்கிலமும்தான் என்றால் பெற்றோர் முதலில் வாங்குவது பட அட்டைகள். நிறம், பழம், விலங்கு என்று நூறு பெயர்ச்சொற்கள் இருக்கும். முதல் வாரத்தில் அன்னாசிப்பழத்துக்கு ஸ்பானிஷில் என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. உட்காருங்க, கேளுங்க, கை கழுவுங்க, வரிசையில நில்லுங்க என்பதுதான் நாள் முழுக்கக் காதில் விழும். காதை அதற்குப் பழக்க டோனிபாக்ஸ் என்ற ஒலிப்பெட்டி நன்றாக உதவும், ஆனால் கடைக்காரர் காட்டும் விதத்தில் அல்ல.

இது ஜெர்மனியில் 2016-இல் வந்து, 2020-இல் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 100 டாலர் விலையில் வந்த பெட்டி. நான் சொல்வதெல்லாம் அந்த முதல் மாடலைப் பற்றி. திரை கிடையாது. மேலே ஒரு பொம்மையை வைத்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும், அதற்குரிய ஒலி ஓடும். பெரிய காதை அழுத்தினால் சத்தம் கூடும், சின்னக் காதை அழுத்தினால் குறையும். பக்கத்தில் ஒரு தட்டு தட்டினால் அடுத்த பகுதிக்குப் போகும். நான்கு வயதுக் குழந்தை யாரையும் கூப்பிடாமல் தானே இயக்கலாம் என்பதே இதன் பெரிய பலம். பழைய போனும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் போனைக் கையில் கொடுத்தால் அது ஸ்பானிஷோடு நிற்காது.

கதாபாத்திரப் பொம்மைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கதைகள் வேகமானவை, அவற்றில் வகுப்பறை வாக்கியங்கள் அரிது. வாங்க வேண்டியது கிரியேட்டிவ் டோனி என்ற வெற்றுப் பொம்மை. அதில் 90 நிமிடம் வரை நாமே பதியலாம், போனில் இருக்கும் டோனி செயலியிலேயே பேசிப் பதிவு செய்தாலும் சரி, ஒலிக்கோப்பை ஏற்றினாலும் சரி. 90 நிமிடத்தையும் நிரப்பாதீர்கள். மொத்தம் அரை மணி நேரம், நான்கு நிமிடப் பகுதிகளாக இருந்தால் போதும். பாட்டையும் கட்டளையையும் ஒரே பொம்மையில் கலக்கவும் கூடாது. பாட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்த குழந்தை, தட்டித் தட்டி மற்றதைத் தாண்டிவிடும்.

ஒரு பகுதிக்கு ஐந்து வாக்கியம். ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்லி, நடுவில் நான்கு வினாடி இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி குழந்தை எழுந்து செய்வதற்காக. உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், கையைத் தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். திருப்பிச் சொல்ல வைக்காதீர்கள். பகுதியின் கடைசி நிமிடத்தில் ஐந்தையும் வரிசை மாற்றிப் பதியுங்கள். இல்லாவிட்டால் குழந்தை சொல்லைக் கேட்காமல் வரிசையை மனப்பாடம் செய்துவிடும். ஒரே பகுதியைத் தானாகத் திரும்ப ஓட்டும் பொத்தான் பெட்டியில் இல்லாததால், திரும்பச் சொல்வதைப் பதிவுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான். புத்தகங்களும் செயலிகளும் ஒருவரிடம் பேசும் வடிவத்தையே கற்றுத்தருகின்றன: சியென்த்தத்தே, அதாவது "உட்காரு". இருபது குழந்தைகளைப் பார்த்து ஆசிரியர் சொல்வது சியென்த்தென்ஸே, "உட்காருங்க". முதலாவதை மட்டும் கேட்டுப் பழகிய குழந்தை இரண்டாவதைக் கேட்டு விழிக்கும். இரண்டையும் பதியுங்கள், பன்மையை அதிகமாக. எஸ்கூச்சென் (கேளுங்க), ஆகன் ஃபீலா (வரிசையில நில்லுங்க), லாவென்ஸே லாஸ் மானோஸ் (கை கழுவுங்க) ஆகியவை முதல் வாரத்துக்கு. ஸ்பெயினில் பதிவான ஒலியை எடுத்தால் இன்னொரு சிக்கல்: அங்கே குழந்தைகள் கூட்டத்துக்குச் சொல்லும் கட்டளை வடிவமே வேறு, சில எழுத்துகளின் உச்சரிப்பும் வேறு. அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் கேட்பது லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ்தான். மெக்சிகோவோ கொலம்பியாவோ பூர்வீகமாகக் கொண்ட அண்டைவீட்டார் பத்து நிமிடம் பேசித் தந்தால், அதைவிட நல்ல பதிவு கடையில் கிடைக்காது.

குழந்தை வாய் திறந்து சொல்ல வேண்டியவை நான்குதான். புவேதோ இர் அல் பாஞோ (பாத்ரூம் போகலாமா), நெஸெஸீத்தோ அயூதா (உதவி வேணும்), நோ என்த்தியெந்தோ (புரியல), மே துவேலே (வலிக்குது). இவற்றைத் தனிப் பகுதியாக வைத்து, பெற்றோரும் கூடவே சொல்லுங்கள்.

நீங்களே பதிவதானால் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிக்காமல் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு படியுங்கள். ஸ்பானிஷின் ஐந்து உயிரொலிகள் நம் அ, எ, இ, ஒ, உ-வுக்கு மிக அருகில் நிற்பவை. புவேதோவில் வரும் 'தோ' "அதோ"வில் வரும் அதே மென்மையான ஒலி. ஆனால் தமிழ் நாக்குக்கு மூன்று பொறி உண்டு. ந், ன் ஒலிக்குப் பின்னும் உயிருக்கு நடுவிலும் தகரத்தை நாம் மென்மையாக்கிவிடுவோம், அதனால்தான் மேலே 'த்த' என்று எழுதியிருக்கிறது. அதற்காக அழுத்தி இழுக்க வேண்டாம். இரண்டாவது, சொல் தொடக்கத்து எகரத்தை 'யெ' ஆக்கும் பழக்கம். யெஸ்கூச்சென் வேண்டாம். மூன்றாவது பாஞோ. அதன் முதலெழுத்து "பாட்டு"வின் பகரமாக ஒலித்தால் பொருள் துணி என்று ஆகிவிடும். "பால்கனி"யின் பகரம் வேண்டும். அவசரத்தில் துணி கேட்ட குழந்தைக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு பகுதி உயிரெழுத்துக்கும் போகட்டும். 90/10 முறைப் பள்ளியில் கிண்டர்கார்டன் நேரத்தில் 90 விழுக்காடு ஸ்பானிஷ், வாசிப்பும் அதிலேயே தொடங்கும். 50/50 என்றால் பாதிப் பாதி. எது என்று பள்ளியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 90/10 என்றால் கோடையில் ஆங்கில எழுத்துப் பெயர்களை உருப்போட வைப்பது எதிர்விளைவு தரும். ஆங்கிலத்தில் 'ஈ' என்று அழைக்கும் எழுத்து ஸ்பானிஷில் 'எ', ஆங்கிலத்தின் 'ஐ' அங்கே 'இ'. குழந்தைகள் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டில்தான். மா, மே, மீ, மோ, மூ என்று அசையாகச் சேர்ப்பதோ உயிர்மெய் வரிசை தெரிந்த குழந்தைக்குப் பழகிய வேலை. ஆகவே இந்தக் கோடையில் தமிழைக் குறைக்காதீர்கள்.

கருவி சார்ந்த குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் இதற்குத் தெரியும், 5-இல் மட்டும் இயங்கும் ரூட்டர் என்றால் அமைப்பை மாற்ற வேண்டும். புதுப் பதிவை ஏற்றிய பின் வீட்டு வைஃபையிலேயே ஒருமுறை பொம்மையை வைத்து, விளக்கு நீலமாக மினுக்கி முடிந்து பச்சையாக நிற்கும்வரை காத்திருங்கள். பாதியில் காருக்குள் எடுத்துப்போனால் பாதிதான் இருக்கும். அதன்பிறகு இணையம் வேண்டாம். உச்ச ஒலியைச் செயலியில் 50 விழுக்காட்டில் நிறுத்தலாம். மின்கலம் சுமார் 7 மணி நேரம் தாங்கும்.

இதைவிடப் பெரிய குறை, பெட்டி பேசும், கேட்காது. பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். பல ஊர்களில் பொது நூலகங்கள் இலவசமாக நடத்தும் இருமொழிக் கதை நேரம் வாரம் ஒருமுறை போதும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், பள்ளிக்கு முந்தைய 12 வாரம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. பள்ளி தொடங்கியபின் மாதக்கணக்கில் குழந்தை ஸ்பானிஷில் ஒன்றும் பேசாமல் இருப்பது இயல்பு. "இதுக்கு ஸ்பானிஷ்ல என்ன சொல்லு பார்ப்போம்" என்று விருந்தாளி முன் நிறுத்தாமல் இருந்தால் சரி.

கடைசி வாரத்தில் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸ் மூடியையும் பேண்ட் பொத்தானையும் தானே திறக்கப் பழக்குங்கள். சாம்பார் சாதம் வைக்கும் ஃப்ளாஸ்க் மூடி சின்னக் கைக்கு இறுக்கம். சூட்டோடு மூடினால் இன்னும் இறுகும். திறக்க முடியாத நாளில்தான் நெஸெஸீத்தோ அயூதா முதன்முதலாகத் தேவைப்படும்.